காய்ச்சல் அட்டை

திங்கட்கிழமை காலை ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டிய லாரி டிரைவர் பத்தரை மணியாகியும் வரவில்லை. அவர் நேரம் தவறுகிற ஆள் இல்லை. ஏழு மணிக்குத் திறக்கும் கீமோ வார்டுக்கு ஆறே முக்காலுக்கே வந்து கதவுக்கு வெளியே நிற்பார். "சரக்கு ஏத்த வண்டி ரெடி, நீங்க இன்னும் கேட்டைத் திறக்கலையே சிஸ்டர்" என்பார். மருந்துப் பைதான் சரக்கு. பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏறுவதும் டிரிப், அவர் இருபது வருஷமாக லாரியில் போய்வந்ததும் டிரிப். "ரெண்டும் ஒண்ணுதான். நடுவுல இறங்கினா கூலி கிடையாது" என்று பக்கத்து நாற்காலிக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்க வைப்பார். மூன்றாவது சுற்று கீமோ முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. கழுத்தில் எலுமிச்சை அளவு இருந்த கட்டி சுண்டைக்காய் அளவுக்கு வந்திருந்தது.

"போன் பண்ணிப் பாக்கறேன்" என்றாள் தெர்மா.

தெர்மா அவளுடைய பெயர் இல்லை. புதிதாக யார் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும், எப்படி இருக்கீங்க என்று கேட்பதற்கு முன்னால், "வீட்ல தெர்மாமீட்டர் இருக்கா?" என்று கேட்பாள். அதனால் வார்டில் யாரோ தெர்மாமீட்டர் என்று பட்டம் வைத்தார்கள், அது தேய்ந்து தெர்மா ஆகிவிட்டது. என்னைவிட ஒரு வருஷம் ஜூனியர், என்னைவிட ஒரு ஜாண் குள்ளம். பதினைந்து வருஷமாக நாங்கள் ஒரே வார்டு. ஒவ்வொரு மருந்துப் பையையும் மாட்டுவதற்கு முன்னால் ஒருத்தி படிக்க, இன்னொருத்தி சரிபார்க்க வேண்டும் என்பது விதி. அவள் படிப்பாள், நான் சரிபார்ப்பேன்.

அவள் ஏன் தெர்மாமீட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று சொல்லிவிடுகிறேன். கீமோ மருந்துக்குக் கண் கிடையாது. புற்றையும் அடிக்கும், உடம்பைக் காவல் காக்கிற வெள்ளை அணுக்களையும் அடிக்கும். மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரை அந்த உடம்பு காவல்காரன் இல்லாத வீடு. மற்றவர்களுக்குத் தும்மலோடு போகிற கிருமி, இவர்கள் ரத்தத்தில் இறங்கிவிட்டால் அரை நாளில் ஆளைச் சாய்த்துவிடும். அதனால் நூறு புள்ளி நாலு டிகிரி காட்டினால், மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏறியாக வேண்டும். இதை அவள் ஒவ்வொருவரிடமும் குறைந்தது ஐந்து தடவை சொல்லுவாள். ஆறாவது தடவை அவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுவாள்.

போனை எடுத்தது டிரைவரின் மைத்துனர். தெர்மா அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நேத்துக் காலைல காய்ச்சலாம். நேரா எமர்ஜென்சிக்கு வந்திருக்காங்க. இப்ப ஐசியூல இருக்காராம் அக்கா. நம்ம மாடிக்கு ரெண்டு மாடி மேல."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் போய்ப் பார்த்தோம். வாயில் குழாய் இருந்ததால் அவரால் பேச முடியவில்லை. புதன்கிழமை காலை அவர் இறந்துபோனார். வயது நாற்பத்தொன்று. இரண்டு பெண் குழந்தைகள், பெரியவளுக்குப் பன்னிரண்டு.

புற்றுநோய் வார்டில் சாவு புதிதில்லை. அழுவதற்கு எங்களுக்கு மருந்து வைக்கிற அறை இருக்கிறது, அங்கே போய்ப் பத்து நிமிஷம் இருந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவோம். நான் போனேன். தெர்மா போகவில்லை. அவருடைய கேஸ் ஃபைலை வாங்கி வந்து மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பத்து இருபதுக்கு எமர்ஜென்சியில பதிவு பண்ணியிருக்காங்க. டோக்கன் நாப்பத்தொண்ணு. ஆன்டிபயாடிக் போட்டது ரெண்டு அம்பதுக்கு" என்றாள். "நாலரை மணி நேரம் பெஞ்சில உக்காந்திருந்திருக்காரு."

"ஞாயித்துக்கிழமை கூட்டம் எப்படின்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நான் சொன்னதை அவரு அப்படியே செஞ்சாரு அக்கா. காய்ச்சல் வந்தா வாங்கன்னேன். வந்தாரு. வந்தப்புறம் என்னன்னு நான் யோசிக்கவே இல்லை."

அன்று சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் எமர்ஜென்சிக்குப் போனாள். தனியாக விட்டால் வம்பாகும் என்று நானும் கூடப் போனேன். அங்கே தலைமை நர்ஸ் என் கூடப் படித்தவள், கேப்டன் என்று கூப்பிடுவோம். குரலே விசில் அடித்த மாதிரி இருக்கும். தெர்மா ஃபைலை நீட்டியதும் கேப்டனுக்கு முகம் மாறிவிட்டது.

"என்ன, விசாரணைக்கு வந்திருக்கியா?"

"இல்லக்கா. என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்க வந்தேன்."

"நான் சொல்றேன் கேட்டுக்கோ. அன்னைக்கு அந்த நேரத்துல ரெண்டு மாரடைப்பு, ஒரு வெட்டுக்காயம், மூச்சுத் திணறி நீலமாகிப்போன ஒரு குழந்தை. உன் ஆளு நடந்து வந்தாரு. என் நர்ஸ் பொண்ணுங்ககிட்ட ஜோக் அடிச்சாரு. ரத்தம் ஒழுகுறவனைப் பாப்பேனா, சிரிச்சிக்கிட்டு உக்காந்திருக்கிறவனைப் பாப்பேனா?"

தெர்மா சிறிது நேரம் அந்தப் பெஞ்சுகளைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஆட்கள். சுவரில் சாய்ந்து நின்றவர்கள் பத்துப் பேர்.

"சரிதான்க்கா" என்றாள். "அவரைப் பாத்தா யாருக்கும் தெரியாது. அதுதான் தப்பு. பாத்தாலே தெரியற மாதிரி பண்ணணும்."

கேப்டன் சண்டைக்குத் தயாராக இருந்தாள். எதிராளி ஒத்துக்கொண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல், "வேலை கிடக்கு" என்று உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து டிரைவரின் மனைவி வார்டுக்கு வந்தாள். மிச்சமிருந்த மாத்திரைகளை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். "பிரிக்காத பட்டை. வேற யாருக்காவது ஆகும்" என்றாள். உட்காரச் சொன்னோம். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, எங்கள் மேஜை ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒரு விஷயம் கேக்கணும் சிஸ்டர்" என்றாள். "அன்னைக்கு வண்டி கிடைக்க அரை மணி நேரம் ஆயிடுச்சு. அவரு பஸ்ஸுல போயிடலாம்னாரு. நான்தான் வேண்டாம்னேன். அந்த அரை மணி நேரத்தாலதான் இப்படி ஆயிடுச்சா? என் மாமியார் வாய் விட்டுச் சொல்லல. ஆனா பார்வையில கேக்கறாங்க."

எனக்கு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அப்படியெல்லாம் இல்லம்மா, நம்ம கையில என்ன இருக்கு என்று. பதினாறு வருஷப் பழக்கம். ஆனால் தெர்மா முந்திக்கொண்டாள்.

"நீங்க சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்றாள். "காய்ச்சல் பாத்த ஒண்ணரை மணி நேரத்துல ஆஸ்பத்திரி வாசல்ல இருந்தீங்க. நாங்கதான் லேட் பண்ணோம். நாலரை மணி நேரம். வந்த உடனே மருந்து போட்டிருந்தா பொழைச்சிருப்பாருன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. ஆனா பொழைக்க வாய்ப்பு நிறைய இருந்துச்சு. அந்த வாய்ப்பை நீங்க கெடுக்கல."

டிரிப் மெஷின் ஒன்று எங்கோ கீச்சுக் கீச்சென்று கூப்பிட்டது. நான் எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்தேன். வந்ததும் டிரைவரின் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கை ஒடிஞ்ச ஒரு குழந்தை அழுதுக்கிட்டே இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "அவரு முறை வந்தப்ப, அதை முதல்ல பாருங்கன்னு விட்டுக் குடுத்துட்டாரு. எனக்குக் கோவம். உங்களுக்கு எப்பவும் ஊருக்கு வழி விடறதே வேலைன்னு திட்டினேன். நல்லவேளை, அதுக்கப்புறம் கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "நீங்க இப்பச் சொன்னதை எழுதிக் குடுப்பீங்களா சிஸ்டர்? நான் யார் மேலயும் கேஸ் போடப் போறதில்ல. என் பொண்ணுங்க பெரிசாகிக் கேப்பாங்க. அப்பக் காட்டணும்."

அவளை ஐந்து நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டுத் தெர்மாவை மருந்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காத" என்றேன். "வாயால சொன்னது காத்தோட போச்சு. எழுத்துல குடுத்தா உன் வேலையைக் காவு வாங்கிடும்."

"ஃபைல்ல இருக்கிற நேரத்தைத்தான் எழுதப் போறேன். பொய்யா எழுதறேன்?"

"பொய் எழுதினாத் தப்பிக்கலாம். உண்மையை எழுதினாத்தான் மாட்டிப்ப."

அவள் சிரித்தாள், போய் எழுதிக் கொடுத்தாள். ஒரு பக்கம். எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்கு மருந்து, எவ்வளவு நேரத்தில் கொடுத்திருக்க வேண்டும், குடும்பத்தார் மேல் எந்தத் தாமதமும் இல்லை. கீழே கையெழுத்து. டிரைவரின் மனைவி அதை இரண்டு தரம் படித்தாள், நாலாக மடித்தாள், எழுந்து போனாள். அந்தக் காகிதம் அவளுடைய மாமியார் கையில் கொடுக்கப்பட்டது என்றும், அந்த அம்மா அன்றைக்கு மருமகளுக்குத் தன் கையால் சோறு போட்டார் என்றும் பிறகு மைத்துனர் சொல்லித் தெரிந்தது.

காகிதத்துக்குக் கால் உண்டு. பத்தே நாளில் அதன் நகல் கண்காணிப்பாளர் மேஜைக்கு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியின் மொத்த நிர்வாகமும் அவர் கையில். தெர்மாவைக் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரி விஷயத்தை வெளி ஆளுக்கு எழுதிக் குடுக்க உங்களுக்கு யார் அதிகாரம் குடுத்தது?"

"கேட்டாங்க சார். உண்மை அது."

"இந்தாங்க மெமோ. ஒரு வாரத்துக்குள்ள விளக்கம் எழுதிக் குடுங்க. அப்புறம் என்ன செய்யறதுன்னு பாக்கறேன்."

அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன். அவள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, இந்த ஞாயித்துக்கிழமை உங்களுக்கு என்ன வேலை?"

என்ன வேலை என்றால், பழைய ஃபைல்கள் இருக்கிற கீழ்த்தள அறையில் தூசியைத் தின்கிற வேலை. கடந்த ஆறு மாதத்தில் கீமோவுக்குப் பிறகு காய்ச்சலோடு எமர்ஜென்சிக்கு வந்தவர்கள் அத்தனை பேரையும் தேடி எடுக்க வேண்டும் என்றாள். பதிவு அறைக்காரர் ஏணியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். நான் ஏணியில், அவள் கீழே. மதியம் அவள் கணவர் சாப்பாடு கொண்டுவந்தார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், அதிகம் பேசாத மனிதர். நாங்கள் என்ன தேடுகிறோம் என்று கேட்டுவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னார்: "லிஃப்ட்டுக்குள்ள ஆள் மாட்டினா அரை மணிக்குள்ள நான் அங்க நிக்கணும். இல்லைன்னா என் வேலை போயிடும். உள்ள மாட்டினவன் பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தாலும் சரி."

தெர்மா சாப்பிடுவதை நிறுத்தி அவரைப் பார்த்தாள். "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

மூன்று ஞாயிறுகள் தேடியதில் இருபத்தொன்பது பேர் கிடைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கிடைத்தவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் சராசரியாக மூன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். ஏழு பேர் ஐசியூவுக்குப் போனார்கள். டிரைவரோடு சேர்த்து நாலு பேர் வீடு திரும்பவில்லை. நான் ஏணியிலிருந்து இறங்கியபோது அந்த நாலு பேரும் என் நினைவில் இருந்தார்கள். நாலு பேருக்கும் நான்தான் மருந்துப் பையைச் சரிபார்த்திருந்தேன். நோய்தான் கொண்டுபோனது என்று நினைத்து நாலு தடவை மருந்து அறைக்குப் போய் அழுதிருந்தேன். அன்றைக்குப் பிறகு, வேலை போய்விடும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

கண்காணிப்பாளர் கேட்ட விளக்கத்தின் கெடு முடிவதற்கு முன்பே தெர்மா இன்னும் இரண்டு வாரம் அவகாசம் எழுதி வாங்கியிருந்தாள். கடைசியில் கொடுத்தது ஐந்து பக்கம். முதல் பக்கம் விளக்கம். பாக்கி நாலு பக்கம் இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்பது. எங்கள் புற்றுநோய்ப் பிரிவின் பெரிய டாக்டரிடமும் ஒரு நகல் கொடுத்தாள். அவர் இருபத்தொன்பது பேர் பட்டியலைப் பார்த்துவிட்டு அன்றே கண்காணிப்பாளருக்குப் போன் செய்தார்.

கூட்டம் ஒரு வியாழக்கிழமை நடந்தது. கண்காணிப்பாளர், பெரிய டாக்டர், கேப்டன், மருந்தகப் பொறுப்பாளர், நாங்கள் இருவர். தெர்மா ஒரு சிவப்பு அட்டையை மேஜை மேல் வைத்தாள். உள்ளங்கை அளவு. பள்ளிப் பிள்ளைகள் ஒட்டு வேலைக்கு வாங்கும் காகிதத்தில் அவளே வெட்டியது. 'எனக்குக் கீமோ நடக்கிறது. காய்ச்சல் வந்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் மருந்து வேண்டும்' என்று பெரிய எழுத்தில். பின்பக்கம் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசிக் கீமோ எந்தத் தேதி.

"இதைக் காட்டினா டோக்கன் கிடையாது, பெஞ்சு கிடையாது. உள்ள ஒரு நாற்காலி. நர்ஸே ரத்தம் எடுத்துட்டு முதல் டோஸைப் போட்டுடணும். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. டாக்டர் வந்து பாக்கறது அதுக்கப்புறம்."

"டாக்டர் பாக்காம நர்ஸ் மருந்து போடறதா?" என்றார் கண்காணிப்பாளர்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் உத்தரவை முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வச்சிடறேன். கீமோவை ஏத்தறதே இவங்கதான். விஷத்தைக் கையில நம்பிக் குடுக்கறோம். மருந்தைக் குடுக்க மாட்டோமா?"

அடுத்தது கேப்டன். அவள் எதிர்ப்பாள் என்று தெரியும். "நிறையப் பேருக்கு நரம்பு கிடைக்காதுன்னு நெஞ்சுல தோலுக்கு அடியில போர்ட்டு வச்சு அனுப்பறீங்க. அதுல குத்தற ஊசியே வேற. என் பொண்ணுங்களுக்கு அது தெரியாது. தப்பாக் குத்தினா பழி எங்க மேல."

"நாங்க வந்து கத்துக் குடுக்கறோம்க்கா."

"கத்துக் குடுத்துட்டு மாடிக்கு ஓடிடுவீங்க. ஞாயித்துக்கிழமைதான் எங்களுக்குக் கூட்டம். மூணு மாசம், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உங்க வார்டுல இருந்து ஒருத்தி என் கூட நிக்கணும். நின்னு பாருங்க, அப்பத் தெரியும்."

"சரி" என்றாள் தெர்மா.

வார்டில் நாங்கள் ஏழு பேர். ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. யாரிடமும் கேட்காமல் ஏழு பேருடைய ஞாயிறையும் அவள் ஒரே சொல்லில் கொடுத்துவிட்டாள். மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"மூணு மாசம் சோதனை" என்றார் கண்காணிப்பாளர். "ஒழுங்கா நடக்கலைன்னா நிறுத்திடுவேன்." மெமோவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிழித்ததாகவும் சொல்லவில்லை.

வார்டில் அன்று பெரிய சண்டை. "உனக்குப் புண்ணியம், எங்களுக்கு வேலையா?" என்று ஒருத்தி கேட்டாள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி முடியவே முடியாது என்றாள். தெர்மா யாரையும் சமாதானம் செய்யவில்லை. பட்டியலை எழுதி ஒட்டினாள். முடியாது என்றவர்களின் நாட்களில் தன் பெயரை எழுதினாள். ஐந்து இடத்தில் அவள் பெயர் இருந்தது. மறுநாள் காலை பார்த்தபோது அதில் இரண்டை யாரோ அடித்துத் தங்கள் பெயரைப் போட்டிருந்தார்கள். ஒன்று நான். இன்னொன்று யார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் கைக்குழந்தைக்காரிதான்.

அட்டை கொடுப்பது சுலபமாக இருந்தது. அதை நீட்ட வைப்பதுதான் கஷ்டம். நம் ஆட்களுக்கு வலி பழகிவிடும், பிறரைத் தொந்தரவு செய்வது பழகாது. அதனால் தெர்மா நாற்காலி நாற்காலியாகப் போய் ஒத்திகை நடத்தினாள். நான்தான் எமர்ஜென்சி கவுண்டர் ஆள்.

"டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க" என்பேன், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

ஓய்வுபெற்ற ஒரு போஸ்ட்மேன், "சரிங்கம்மா" என்று உடனே உட்கார்ந்துவிட்டார். வார்டே சிரித்தது. மார்பகப் புற்றுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த தையல்கார அம்மாவுக்குக் குரலே எழவில்லை. முப்பது வருஷம் தையல் மெஷின் சத்தத்தில் தலைகுனிந்து உட்கார்ந்தவர்.

"எனக்குக் கீமோ..." என்று ஆரம்பித்து, "நீங்க வேலையா இருந்தா அப்புறமா வரேன்" என்று முடித்தார்.

"அம்மா, ஒரு பிளவுஸை அளவு தப்பா வெட்டிட்டா கஸ்டமர் எப்படிக் கத்துவாங்க?" என்று தெர்மா கேட்டாள்.

"ஐயோ, அது கடைத்தெரு முழுக்கக் கேக்கும்."

"அப்படிக் கத்துங்க."

அவர் கத்தினார். பக்கத்து நாற்காலிக்கே கேட்கவில்லை. "வீட்ல பழகிக்கிட்டு வாங்க" என்று அனுப்பினாள்.

ஐந்தாவது ஞாயிறு என்னுடையது. ஒன்பது மணிக்குக் கேப்டன் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். அவள் பெண்கள் மூன்று பேர் போர்ட் ஊசி குத்த நன்றாகவே பழகியிருந்தார்கள். ஒன்பதே காலுக்கு ஒரு பஸ் கவிழ்ந்துவிட்டதென்று போன். பத்து நிமிஷத்தில் பதினெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். எங்கும் ரத்தமும் அலறலும். சிவப்பு அட்டைக்காக ஒதுக்கிய நாற்காலியைக் கூட யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். நான் ஒரு பையனின் நெற்றிக் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், கையை எடுக்க முடியாது.

அப்போதுதான் கவுண்டர் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"எனக்குக் கீமோ நடக்குது."

கவுண்டர் ஆள் அன்றைக்கு மாற்றலாக வந்தவர், அட்டையைப் பற்றித் தெரியாது. "பாக்கறீங்கல்லம்மா நிலைமையை? டோக்கன் எடுத்து ஓரமா உக்காருங்க."

"உக்கார மாட்டேன். எனக்குக் கீமோ நடக்குது. காய்ச்சல் வந்திருக்கு. ஒரு மணி நேரத்துல மருந்து போடணும்."

மூன்றாவது தடவை சொன்னபோது அந்தக் குரல் உடைந்தது, ஆனால் உயர்ந்தது. சிவப்பு அட்டையால் கவுண்டர் கண்ணாடியைப் பட் பட்டென்று அடித்தார் தையல்கார அம்மா. கடைத்தெருவுக்கே கேட்டிருக்கும். அறையின் மறுகோடியில் ஒரு எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கேப்டன் தலையைத் தூக்கினாள். கட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, ஆட்களைத் தாண்டித் தாண்டி வந்தாள். நாற்காலி இல்லை. தன் மேஜையிலிருந்த ஃபைல்களைத் தரையில் தள்ளி அதன் மேலேயே அம்மாவை உட்கார வைத்தாள்.

"மணி பாரு" என்றாள் தன் நர்ஸ் பெண் ஒருத்தியிடம்.

"ஒன்பது அம்பத்திரண்டு."

காய்ச்சல் நூற்றிரண்டு. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. கையில் நரம்பு கிடைக்கவில்லை. அந்தப் பெண் போர்ட் ஊசியை எடுத்துக் குத்தினாள். பரிசோதனைக்கு இரண்டு சின்ன பாட்டிலில் ரத்தம் எடுத்தாள். கேப்டன் மருந்தைக் கலக்கி, லேபிளைச் சத்தமாகப் படித்தாள். நான் பையனின் நெற்றியிலிருந்து கையை எடுக்காமலே அங்கிருந்து சரிபார்த்துச் சொன்னேன். மருந்து ஏறத் தொடங்கியபோது பத்து முப்பத்தொன்பது. நாற்பத்தேழு நிமிஷம்.

தையல்கார அம்மா ஆறு நாள் வார்டில் படுத்திருந்தார். இரண்டாம் நாள் நிலைமை மோசமாகி, பிறகு மீண்டது. தெர்மா தினமும் போய்ப் பார்த்தாள். "அந்தக் கவுண்டர் தம்பிகிட்ட மன்னிப்புக் கேக்கணும், ரொம்பக் கத்திட்டேன்" என்று அவர் சொல்ல, "கேட்டீங்கன்னா அட்டையைப் பிடுங்கிடுவேன்" என்றாள் தெர்மா.

மூன்று மாதத்தில், அட்டை வாங்கியவர்களில் பத்தொன்பது பேர் காய்ச்சலோடு வந்தார்கள். பதினாறு பேருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கிடைத்தது. மூன்று பேருக்கு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. ஒருவருக்கு மருந்து இருப்பு தீர்ந்திருந்தது, ஒருவருடைய அட்டை வீட்டிலேயே இருந்தது, ஒருவர் இரண்டு நாள் காய்ச்சலை மறைத்துவிட்டு வந்தார். அந்தக் கடைசி ஆள் அந்தப் போஸ்ட்மேன். அவர் பிழைக்கவில்லை. யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். அன்றைக்குத் தெர்மா மருந்து அறைக்குப் போனாள். பத்து நிமிஷம் இல்லை, அரை மணி நேரம். நான் அவளுடைய நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன்.

அறிக்கை கொடுக்கும்போது அந்த மூன்று பேரையும் அவள் முதல் பக்கத்தில் எழுதினாள். கண்காணிப்பாளர், "இதைப் பின்னால போடலாமே" என்றார்.

"பின்னால போட்டா யாரும் படிக்க மாட்டாங்க சார். மருந்து இருப்பை எமர்ஜென்சியிலேயே தனியா வைக்கணும்னு அதனாலதான் கேக்கறேன்."

அவர் சோதனை என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இனி அது ஆஸ்பத்திரியின் விதி.

அதற்கு அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்றரைக்குக் கேப்டன் எங்கள் வார்டுக்கு வந்தாள். மாடி ஏறி அவள் வருவது அதுவே முதல் தடவை. ஏழாம் நாற்காலியில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு டிரிப் முடிகிற நேரம். தெர்மா கையுறையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"டயாலிசிஸ் பண்றவங்களும் இதே மாதிரிதான் காய்ச்சலோட வந்து பெஞ்சில உக்காந்திருக்காங்க" என்றாள் கேப்டன். "நான் நேத்துதான் கவனிச்சேன். இத்தனை வருஷமா என் கண்ணு எங்க போயிருந்ததோ. நாலு மணிக்குக் கண்காணிப்பாளர் ரூம்ல இருப்பாரு. ரெண்டு பேரும் கூட வாங்க."

"பத்து நிமிஷம்க்கா" என்றாள் தெர்மா.

பை காலியானது. குழாயைக் கழுவிவிட்டாள், ஊசியை உருவினாள், பஞ்சை வைத்து அழுத்தினாள், பத்து எண்ணும்வரை அப்படியே பிடித்திருந்தாள். "வீட்டுக்குப் போனதும் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். அந்தப் பெண் சொன்னாள். "இன்னொரு தரம்" என்றாள். அவள் இன்னொரு தரம் சொன்னாள். அதன் பிறகுதான் கையுறையைக் கழற்றினாள்.

மூவரும் மாடி ஏறினோம். கேப்டன் கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பதில் வருவதற்குள் உள்ளே போனாள்.